தவிட்டுக்கு விற்ற பிள்ளை

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தோம். நானும் என் மாமியாரும். எங்கள் இருவரையுமே நாங்கள் பெற்ற பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி உத்தமபாளையத்துக்கு வந்த முதல் நாள் என் கணவர், "அக்கா, சோத்தை எடுத்து வை" என்று சொன்னபோது, எனக்குச் சொல்லாமல் மறைத்த நாத்தனார் ஒருத்தி உள்ளே இருக்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மாமியார்தான் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அவருக்கு முதலில் பிறந்த நான்கும் தங்கவில்லை. ஐந்தாவதாகப் பிறந்த என் கணவரைக் குப்பைமேட்டில், அரிசி புடைக்கிற ஒரு சொளகில் கிடத்தி, பெற்றதெல்லாம் பிழைத்திருந்த வீட்டுக்காரி ஒருத்திக்கு ஒரு படித் தவிட்டுக்கு விற்றிருக்கிறார்கள். வாங்கினவள் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, "என் பிள்ளையை வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே விட்டுப் போவாள். அதற்குப் பிறகு பெற்றவள் தாய் இல்லை, வளர்க்கிறவள். அவளை அம்மா என்றோ ஆத்தா என்றோ பிள்ளை கூப்பிடக் கூடாது. எமன் தேடி வந்தால், இந்த வீட்டில் பிள்ளையே கிடையாது, இருப்பது ஒரு படித் தவிடு பெறுமானமுள்ள ஏதோ ஒன்று என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவானாம். எமனை இவ்வளவு கேணயனாக நினைக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பதினேழு வயதில் எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும்.

சிரித்த வாய்க்குப் பதில் கிடைத்தது. என் முதல் பையன் எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனான். அடுத்தது பெண். நடக்க ஆரம்பித்து, நிலைப்படியைப் பிடித்து நிற்கிற சமயத்தில் அவளும் போனாள். அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆண்கள் இலங்கைக்குப் போவது தேனிச் சந்தைக்குப் போவது போலத்தான். என் கணவர் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். இரண்டு தடவையும் அவருக்குக் காகிதம்தான் போயிற்று. போய்ச் சேரும்போது மண்மேல் புல் முளைத்திருக்கும்.

பச்சைப் பிள்ளை செத்தால் எங்களில் எந்தச் சடங்கும் கிடையாது. ஆண்கள் ஒரு துணியில் சுற்றி முல்லையாற்றங்கரைக்கு எடுத்துப் போவார்கள். பெற்றவள் போகக் கூடாது. எந்த இடம் என்று கேட்கக் கூடாது. பதினாறாம் நாள் கிடையாது, துக்கம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அழுதால், "விளக்கு வைக்கிற நேரத்துல என்னத்தா ஒப்பாரி? அடுத்ததுக்கு ஆகாது" என்பார் மாமியார். விளக்கு வைக்காத நேரத்தில் அழுதாலும் அதையேதான் சொன்னார். செத்ததைப் பற்றிப் பேசினால் அது இருக்கிறதையும் இழுத்துக்கொள்ளுமாம். இருக்கிறது என்று அப்போது ஒன்றுமே இல்லையே என்று கேட்டேன். "உனக்கு நாக்குல சனி" என்றார்.

இரண்டாவது பிள்ளை போன அடுத்த வருஷம் கண்டிக்கடையை மூடிவிட்டார்கள் என்று அவர் ஊருக்கே வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்தால் எனக்கு ஒரு சேலை, மாமியாருக்கு ஒரு சேலை, அதற்கடியில் பஞ்சு சுற்றிய ஒரு புத்தர். கட்டைவிரல் உயரம், வெள்ளைப் பீங்கான். புத்தரை மாமியார் கையில் வாங்கிப் பார்த்தார். நெற்றி வெறுமையாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. திருநீறு பூசி முருகனுக்கும் மாரியாத்தாளுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார். என் கணவருக்கு அதுவே போதும். தினமும் குளித்து வந்து அதன்முன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவார். கொல்வதில்லை, திருடுவதில்லை, பொய் சொல்வதில்லை என்று ஐந்து விரதம் எடுத்திருந்தார். கள் குடிப்பதை விட்டது எனக்கு நிம்மதி. மற்றபடி அந்த ஞானத்தால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஏனென்றால் எதற்கெடுத்தாலும் ஒரே பாட்டு: "ஆசைதான் துன்பத்துக்குக் காரணம்." தண்ணீர்ப் பானை ஒழுகுகிறது, புதுசு வேண்டும் என்றால், ஆசை. பிறந்த வீட்டுக்கு நான்கு நாள் போய் வருகிறேன் என்றால், ஆசை. "மூணு வேளையும் நேரத்துக்குச் சோறு வரணும்கிறது மட்டும் என்ன கணக்குல வருது?" என்று ஒரு நாள் கேட்டேன். அன்று ராகிக் கூழைத்தான் ஊற்றினேன். மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டுப் போனார். அவரிடம் அது ஒன்று, சண்டைக்கு நின்றால் சண்டை கிடைக்காது.

செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு தடவை பேச்செடுத்தேன். "இந்தா பாரு, எதுவுமே நம்மளது இல்ல. வந்தது போகும். நம்மளதுன்னு புடிச்சுக்கிடுறதாலதான் வலிக்குது" என்றார்.

நான் விடவில்லை. "வலிச்சது எனக்கு. துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனப்ப நீங்க எங்கன இருந்தீக? கண்டியில சீலை மடிச்சுக்கிட்டு இருந்தீக. இழவுக்கு வராத மனுசனுக்கு என்னத்துக்கு இந்த ஞானம்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து வெளியே போய்விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டதற்காக நான் வருத்தப்படவில்லை.

மூன்றாவதும் பெண். குழந்தைக்குத் தலை நின்றவுடன் மாமியார் சொளகை எடுத்துவிட்டார். எதிர்த்த வரிசையில் ஒரு ராவுத்தர் வீடு. அந்த வீட்டம்மாவுக்கு எட்டுப் பிள்ளைகள், எட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். அவர்தான் வாங்குகிறவர் என்று முடிவாயிற்று. குப்பைமேட்டில் என் பிள்ளையைக் கிடத்தியபோது நான் என் கணவரைப் பார்த்தேன். பொய் சொல்லாத விரதக்காரர், மாட்டைக் கட்டுகிற சாக்கில் தொழுவத்துக்குப் போய்விட்டார். ராவுத்தர் வீட்டம்மா படித் தவிட்டை என் மடியில் கொட்டினார். "எனக்கு எட்டு, இது ஒம்போது. திரும்பக் குடுக்காம வச்சுக்கிட்டா என்னத்தா செய்வ?" என்று சிரித்தார். நல்ல மனசில்தான் சொன்னார். அந்த மூன்று நாளும் எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பகலில் இரண்டு தடவைதான் பால் கொடுக்க அவர் வீட்டுக்குப் போக விட்டார்கள். ஒவ்வொரு தடவையும், "உங்க பிள்ளைக்குப் பால் குடுக்க வந்திருக்கேன்" என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும். மாமியார் கூட வந்து காதால் கேட்டுக்கொள்வார்.

பிள்ளைக்குக் குப்பையோடு சேர்ந்த ஒரு பெயரை வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். ஒன்பதாம் மாதம் அவள் என் முகத்தைப் பார்த்து, "ம்மா" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் பிள்ளைக்கும் வாயைத் திறந்து மூடினால் வருகிற சத்தம்தான். மாமியார் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினார். "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று என் கண்முன்னாலேயே பழக்கினார். நானும் சேர்ந்து பழக்கினேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் பயத்தைப் பார்த்துச் சிரித்தவள், இரண்டு பிள்ளையைக் கொடுத்த பிறகு அந்தப் பயத்தையே வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. பிள்ளை தும்மினால் எனக்கு உயிர் போகும். தெருவில் யாராவது, "உன் மக நல்லா வளந்துட்டாளே" என்றால், "என் மக இல்ல, ராவுத்தர் வீட்டுப் பிள்ளை" என்று பதறிக்கொண்டு சொல்வேன். பூ வைத்து அழகு பார்க்க மாட்டேன். மடியில் போட்டுக் கொஞ்சினால் உடனே யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்ப்பேன். திருடின பொருளை வைத்திருக்கிறவள் மாதிரி என் பிள்ளையை வைத்திருந்தேன்.

ஒரு நாள் வரப்பில் நடந்துவந்த என் கணவருக்குக் கருவேல முள் தைத்துவிட்டது. தொழுவத்தில் உட்கார வைத்து நான் ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தானாகவே பேசினார். "கண்டியில ஒரு சாமியார் சொன்னாக. தச்ச முள்ளு ஒண்ணுதான். எவன் இதை இங்கன போட்டான், எனக்குன்னு ஏன் தைக்குது, நாளைக்கும் தச்சா என்ன செய்யன்னு நெனச்சு நெனச்சு நாமளே எடுத்துக் குத்திக்கிடுறது இன்னொண்ணு. ரெண்டாவது முள்ளுதான் ஆளைக் கொல்லுமாம்."

அன்றுதான் அவர் கண்டிக் கதையை முழுதாகச் சொன்னார். இரண்டாவது காகிதம் போய்ச் சேர்ந்த அன்று கடையில் நிற்க முடியவில்லையாம். கால் போன போக்கில் போய் ஒரு விகாரையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்த பிக்கு என்ன ஏது என்று கேட்கவில்லை, எழுந்து போ என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பௌர்ணமி தவறாமல் போயிருக்கிறார். பிக்கு சொன்னதில் பாதிதான் புரியும், மிச்சம் சிங்களம் என்றார். "துன்பம்னு ஒண்ணு இருக்கு, அதை மொதல்ல ஒத்துக்கணும். அதுக்குக் காரணம் இருக்கு. அது தீரவும் செய்யும், தீர வழியும் இருக்கு. வைத்தியர் சொல்ற மாதிரித்தான் சொன்னாக."

முள் வெளியே வந்துவிட்டது. அதை என் உள்ளங்கையில் வைத்து அவரிடம் காட்டினேன். "அப்ப நம்ம வீட்டுல ஆறு வருசமா தெனமும் குத்துதே, அது எந்த முள்ளு?"

அவர் முள்ளை வாங்கித் தொழுவத்துக்கு வெளியே எறிந்துவிட்டு எழுந்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாத்திரம் தேய்க்கிறபோதும் நாற்று நடுகிறபோதும் அதுவே ஓடியது.

அந்த வருஷம் ஆடி மூன்றாம் சனிக்கிழமை மாமியார் எங்களைக் குச்சனூர் சனீசுவரன் கோயிலுக்கு வண்டி கட்டிக் கூட்டிப் போனார். பிள்ளைக்கு ஜாதகத்தில் சனி பார்வை சரியில்லையாம். என் கணவர் வரவில்லை, மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காய் மூட்டைகளோடு தேனிக்குப் போயிருந்தார். குச்சனூரில் ஆடிச் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எள் விளக்கைக் கொளுத்திக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் பிள்ளை இல்லை. மாமியார் கையில் இருப்பாள் என்று நானும், என் கையில் இருப்பாள் என்று மாமியாரும் இருந்திருக்கிறோம்.

வாய்க்கால் பக்கம், பொரிக்கடைப் பக்கம், வண்டிகள் நிற்கிற தோப்பு என்று ஓடினேன். கடைசியில் குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் அவளை ஒரு கல்லின்மேல் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நான் பக்கத்தில் போகும்போது அவர் கேட்டது என் காதில் விழுந்தது: "உங்க ஆத்தா எங்கன?"

"எனக்கு ஆத்தா கெடையாது. என்னைத் தவிட்டுக்கு வாங்குனாக" என்றாள் என் மகள். அழவில்லை. நம் ஊர்ப் பெயரைக் கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். போலீஸ்காரர் லத்தியை நடுவில் நீட்டினார். "நீ யாரும்மா இதுக்கு?"

"அக்கா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆறு வருஷப் பழக்கம் வாயிலேயே இருந்தது.

"அக்காவா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருவிழாவுல பிள்ளை புடிக்கிறவளுக எல்லாருமே அக்கான்னுதான் வர்றாளுக. போ, பெத்தவளைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் பிள்ளை இங்கனயே இருக்கட்டும்."

அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அதற்குள் மாமியார் வந்து சேர்ந்துவிட்டார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் முதுகில் நறுக்கென்று கிள்ளி, "கோயில் வாசல்டி, சனீசுவரன் கேட்டுக்கிட்டு இருக்கான். ராவுத்தர் வீட்டுக்கு ஆள் அனுப்புவம், அவுக வந்து வாங்கிக்கிடட்டும். வாயத் தொறந்துறாத" என்று காதில் சொன்னார்.

ராவுத்தர் வீட்டம்மா வந்து என் பிள்ளையை வாங்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லின்மேல் உட்கார்ந்து என் மகள் என்னைப் பார்த்தாள். அப்போது எனக்கு வந்தது கோபம்தான். பக்தி இல்லை, ஞானம் இல்லை, வெறும் கோபம்.

"நான்தான் பெத்தவ!" என்று கத்தினேன். "மூணு பெத்தேன். ரெண்டு செத்துப்போச்சு. முல்லையாத்தங்கரையில கெடக்கு, எந்த எடம்னுகூட எனக்குத் தெரியாது. இது மூணாவது. இதுக்கு நான்தான் ஆத்தா. கேக்குறவுகள்லாம் நல்லாக் கேட்டுக்கங்க. உள்ள இருக்கிற சாமியும் கேட்டுக்கிடட்டும். வேணும்னா வந்து எங்கிட்டக் கேக்கட்டும், பொய் சொல்லி ஒளிச்சு வைக்க மாட்டேன்!"

ராட்டினக்காரன் ராட்டினத்தை நிறுத்திவிட்டான். பொரி வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கு ஏன்மா இந்தக் கத்துக் கத்துற? மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்று லத்தியை எடுத்துக்கொண்டார்.

வண்டியில் திரும்பி வரும்போது மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். எனக்கோ, பல வருஷம் தலையில் வைத்திருந்த விறகுக்கட்டை இறக்கிய மாதிரி இருந்தது. இரண்டு செத்துப்போச்சு என்று இவ்வளவு காலத்தில் நான் வாய்விட்டுச் சொன்னதே அன்றுதான். பிள்ளையைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டேன், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அவள் என் காதோரம் வந்து ரகசியமாகக் கேட்டாள்:

"அக்கா, அந்தப் போலீஸ்காரர்ட்ட ஏன் பொய் சொன்ன?"

அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான் உண்மை. நான் கத்தியதுதான் பொய். என் பிள்ளையை எமனிடமிருந்து ஒளிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவளிடமிருந்தே நான் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். வீடு வரும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

என் கணவர் தேனியிலிருந்து வந்ததும் மாமியார் ஒன்று விடாமல் சொன்னார். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். "கோயில் வாசல்லயா சொல்லணும்?" என்றார் என்னிடம்.

"துன்பம்னு ஒண்ணு இருக்கு, அதை மொதல்ல ஒத்துக்கணும்னு சொன்னது நீங்கதான? நான் இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டேன். நீங்க இன்னும் ஒத்துக்கிடல."

பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் அது எல்லோருக்கும் தெரிந்த முறைக்காய்ச்சல்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் உச்சி வேளையில் பல் கிட்டுகிற குளிர், பிறகு நெருப்பாகக் கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும். என் மற்ற இரண்டும் அதில்தான் போயின. தர்மாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். வேம்பைவிடக் கசப்பு, வெல்லத்தில் பொதிந்து தொண்டையில் இறக்கினேன். முதல் தடவை குளிர் வந்தபோது மாமியார் சாக்கெடுத்துப் போர்த்தினார். இரண்டாம் தடவை வந்தபோது எழுந்து ராவுத்தர் வீட்டுக்குப் போனார்.

திரும்பி வரும்போது ராவுத்தர் வீட்டம்மா கூட வந்தார். அவர்களுக்குப் பின்னால் என் கணவர் வந்தார். அவர் கையில் ஒரு படி இருந்தது. ரைஸ்மில்லுக்குப் போய் அவரே புதுத் தவிடு வாங்கி வந்திருக்கிறார். மாமியாரைச் சமாளித்துவிடுவேன். இவரை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏத்தா, மூணு தடவ சொல்லு. என் பிள்ளை இல்லைன்னு மூணே தடவ. அவுக வாங்கிக்கிடுவாக. குச்சனூர்ல பேசுனது பேசாததா ஆயிரும்" என்றார் மாமியார்.

"சொல்லிரு" என்றார் அவரும். படியை ராவுத்தர் வீட்டம்மா பக்கம் நீட்டினார். "எனக்காகச் சொல்லிரு. ஒரே ஒரு தடவ."

நான் பெரிய வீராங்கனை இல்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வாய்வார்த்தைதானே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றியது. அப்போது பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தேன். மூன்று சாக்குப் போர்த்தியும் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் கண் திறந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவேளை இன்றைக்கே போகப் போகிறவள் என்றால், இவள் என் பிள்ளை இல்லை என்று பெற்றவள் சொன்னதைத்தான் கடைசியாகக் கேட்டுவிட்டுப் போக வேண்டுமா?

"மாட்டேன்" என்றேன். "போறதுன்னா என் மடியில இருந்து, என் பிள்ளையாத்தான் போகணும். பொழச்சாலும் என் பிள்ளையாத்தான் பொழைக்கணும். நீங்கதான சொன்னீக, எதுவும் நம்மளது இல்லைன்னு? உங்க அக்காவும் அதைத்தான் சொல்றாக, என் பிள்ளை இல்லைன்னு சொல்லச் சொல்லி. உங்க சாமியாரு பயம் போறதுக்காகச் சொன்னாக. நீங்க ரெண்டு பேரும் பயந்துக்கிட்டுச் சொல்றீக. ரெண்டும் ஒண்ணா? பொய் சொல்ல மாட்டேன்னு கும்புட்ட கையில என்ன இருக்குன்னு பாருங்க."

பிறகு மாமியாரிடம் திரும்பினேன். "உங்களை இவுக ஒரு நாளாச்சும் ஆத்தான்னு கூப்பிட்டிருக்காகளா? உங்களுக்கு வயிறு எரியலையா?"

"கூப்புடாட்டிப் போகட்டும்டி" என்றார் மாமியார். "உசுரோட இருக்கான்ல? நாலு போனப்புறம் அஞ்சாவது உசுரோட இருக்கான்ல? எனக்கு அது போதும்."

நான்கு பிள்ளையை ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டு ஒரு வார்த்தையையும் விட்டுக்கொடுத்தவர் அவர். அவரை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அவர் மாதிரி இருக்கவும் மாட்டேன்.

ராவுத்தர் வீட்டம்மாதான் பேச்சை உடைத்தார். "ஏக்கா, ஏற்கெனவே வாங்குன பிள்ளைய மறுபடியும் எப்படி வாங்குறது? வேணும்னா இவளுக்கே வித்துர்றேன். ஏத்தா, அந்தத் தவிட்டைக் குடு, பிள்ளைய நீ வச்சுக்க."

"என் பிள்ளைய நான் எதுக்கு வெலைக்கு வாங்கணும்?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.

என் கணவர் தொழுவத்துக்குப் போனார். தவிட்டை மாட்டுத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்குகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். புத்தருக்கு முன்னால் உட்காருகிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்காரவில்லை, மடங்கிப்போய் உட்கார்ந்தார். "பையன் யாரு சாயல்?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. செத்துப்போன முதல் பிள்ளையைக் கேட்கிறார். அவனை அவர் பார்த்ததே இல்லை. "உங்க சாயல்தான். காது உங்க காது" என்றேன். அந்தப் பட்டப்பகலில், ராவுத்தர் வீட்டம்மா பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். விளக்கு வைக்கிற நேரமா என்று யாரும் கேட்கவில்லை.

காய்ச்சல் இன்னும் இரண்டு முறை வந்துவிட்டு விட்டுப்போயிற்று. சனீசுவரன் இரங்கினான் என்றார் மாமியார். கொய்னா என்றார் என் கணவர். பெற்றவள் துணிந்து சொன்னதால்தான் பிழைத்தாள் என்று தெருவில் சில பேர் என்னிடமே வந்து சொன்னார்கள். அவர்களைத் துரத்திவிட்டேன். பிழைக்காமலும் போயிருக்கலாம். என் சொல்லைக் கேட்டு எந்தக் காய்ச்சலும் வராது, என் சொல்லுக்குப் பயந்து எதுவும் போகாது. போயிருந்தாலும் அவள் என் பிள்ளைதான், நான் சொன்னது சரிதான். அந்தக் காய்ச்சலை வைத்து எந்தப் பக்கமும் என்னிடம் நியாயம் பேச வரக் கூடாது.

தேறி எழுந்ததும், "இனிமே என்னை ஆத்தான்னு கூப்பிடு" என்றேன். ஒரு நாள் முழுக்க முயற்சி செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வெட்கப்பட்டுச் சிரித்துவிடுவாள். மறுநாள் காலையில், "அக்கா, தலை பின்னி விடு" என்று வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சண்டை போட்டது ஆத்தா என்கிற அந்த ஒரு வார்த்தைக்குத்தானே என்று மனசு அரற்றியது. என் கணவர் எதிரில்தான் இருந்தார். ஆசை என்று ஏதாவது சொல்லியிருந்தால் சீப்பாலேயே அடித்திருப்பேன். பின்னலைப் பின்னிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றியது, இது நானே எடுத்துக் குத்திக்கொள்கிற முள். பிள்ளை என் கைக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் இல்லை, வாழைநாரால் கட்டி விட்டேன்.

அவள் அப்படியே அக்கா என்று கூப்பிட்டே வளர்ந்தாள், கல்யாணமானாள். மாமியார் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம் அவளுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கட்டிலில் படுத்து அவள், "அக்கா, அக்கா" என்று அரற்றிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா சீட்டு எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா இதுக்கு? அக்காவா?"

நான் வாயைத் திறந்தேன். குச்சனூரில் போட்ட சத்தம் அப்படியே தொண்டைக்கு வந்தது. அதற்குள் என் மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

"என்னைப் பெத்த ஆத்தா" என்றாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "மூணு பெத்தாக. ரெண்டு செத்துப்போச்சு. நான் மூணாவது. எழுதிக்கங்க."

நர்ஸம்மா எழுதிக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, கையைக் குடு" என்றாள். கொடுத்தேன்.